கடைசியாக எழுதியது யார்?

பினாங்கு ஜார்ஜ் டவுனில் இன்று லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் தெருக்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நகரத்தாரின் வட்டிக்கடைகள் நடந்தன. லெபு பினாங்கில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், அதில் பல கடைகள், ஒவ்வொரு கடைக்கும் ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி, ஒரு பேரேடு. கடையின் முதலாளி பெரும்பாலும் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். பினாங்கில் கடையை நடத்துபவர் மூன்றாண்டுத் தவணையில் கப்பலேறி வந்த முகவர். கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் பேரேட்டில் எழுதுவதும் அவர் பொறுப்பு. எழுதியதன் சாரம் கடிதமாகவும் ஐந்தொகையாகவும் ஊருக்குப் போகும். ஆக, ஒரே தொழிலுக்கு இரண்டு இடங்களில் கணக்கு, நடுவே கடல்.

எழுதுபவர் ஒருவராக இருக்கும்வரை இதில் சிக்கல் இல்லை. ஊரில் உள்ள கணக்கு சில வாரம் பின்தங்கியிருக்கும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் முடிவெடுக்கத் தொடங்கும்போதுதான் வம்பு. குறிப்பிட்ட வியாபாரிக்கு இனிமேல் கடன் வேண்டாம் என்று முதலாளி தேவகோட்டையிலிருந்து கடிதம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே வாரம் முகவர் அந்த வியாபாரிக்கே புதுக் கடன் எழுதி, செய்தியை ஊருக்கு அனுப்புகிறார். இரண்டு கடிதங்களும் நடுக்கடலில் ஒன்றையொன்று கடந்து போகின்றன. முகவர் உத்தரவை மீறினாரா? அவர் கடன் கொடுத்த அன்று உத்தரவு அவர் கைக்கு வரவே இல்லை. முதலாளி நிலவரம் தெரியாமல் எழுதினாரா? நிலவரமும் அவர் கைக்கு வரவில்லை. கடிதத் தேதிகளை ஒப்பிட்டு யார் முந்தி எழுதினார் என்று சொல்லலாம். ஒருவர் செய்தது எழுதும்போது மற்றவருக்குத் தெரிந்திருந்ததா என்பதைத் தேதி சொல்லாது.

உலகெங்கும் பெரிய நிறுவனங்களின் கணினிகளுக்குள் இதே சிக்கல் இன்று நொடிக்கு நொடி எழுகிறது. அது எப்படித் தீர்க்கப்பட்டது என்பதே இந்த அத்தியாயம்.

பெயர்களின் ஏடு

காலையில் அலுவலகத்தில் கணினியைத் திறந்து பெயரும் கடவுச்சொல்லும் தருகிறீர்கள். அந்தப் பெயர் இங்கே வேலை பார்ப்பவருடையதுதானா, எந்தத் துறை, எந்தக் கோப்பைத் திறக்கலாம், எந்த அச்சுப்பொறியைப் பயன்படுத்தலாம் என்பதையெல்லாம் ஒரு தனிக் கணினி பார்த்துச் சொல்கிறது. அதுதான் டைரக்டரி சர்வர். இதற்கான உலகப் பொது நெறி எக்ஸ்.500 என்ற பெயரில் 1988இல் வந்தது. அது கனமாக இருந்ததால், மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் ஹௌஸும் மற்றவர்களும் அதன் எளிய வடிவமாக எல்டாப் என்ற நெறியை 1993இல் வெளியிட்டார்கள். 2000இல் விண்டோஸுடன் வந்த ஆக்டிவ் டைரக்டரி இதை அலுவலகந்தோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இன்டெல் 1972இல் ஆலை திறந்தது. அதன்பின் பல பன்னாட்டு நிறுவனங்கள் அங்கே வந்தன. இத்தகைய நிறுவனம் தன் பெயர்ப்பதிவை அமெரிக்காவில் ஒரே சர்வரில் வைத்துக்கொண்டால், பினாங்கு ஊழியர் ஒவ்வொருவரின் கடவுச்சொல்லும் கடல் கடந்து போய்த் திரும்ப வேண்டும். அதனால் ஊருக்கு ஊர் நகல் வைக்கிறார்கள்.

நகல் வைப்பதற்கு வேகத்தைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே சுமார் 2,350 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி அதைக் கடக்க ஏறக்குறைய 12 மில்லிவிநாடி போதும். 1870இல் மதராஸிலிருந்து பினாங்குக்கு முதல் தந்திக் கம்பி கடலடியில் இடப்பட்டது. இன்று பே ஆஃப் பெங்கால் கேட்வே என்ற இழைவடம் அதே இரு கரைகளையும் தொட்டுச் செல்கிறது. ஆனால் கம்பி அறுபடும். 2006 டிசம்பர் 26 அன்று தைவானின் தெற்கே நிலம் நடுங்கியபோது கடலடி வடங்கள் பல அறுந்தன. மலேசியா உட்படக் கிழக்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகள் பலவற்றில் இணையம் நாள்கணக்கில் தடுமாறியது. அப்படிப்பட்ட நாளிலும் உள்ளூர் ஊழியர் உள்நுழைய வேண்டும், கடவுச்சொல்லை மாற்றவும் வேண்டும். படிக்க மட்டும் நகல் இருந்தால் போதாது. எழுதவும் தெரிந்த நகல் தேவை.

எழுதுபவர் ஒருவரே என்றால் வேலை எளிது என்பதற்கு இணையத்தின் வேர்ப் பெயர்ப்பட்டியல் நல்ல சான்று. ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ என்ற தமிழ் முகவரி ஈறுகள் 2010, 2011 ஆண்டுகளில் அந்தப் பட்டியலில் ஏறின. அதன் நகல்கள் உலகெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் இருக்கின்றன. மூலப்பட்டியல் மட்டும் ஒன்றே. அது மாறும்போதெல்லாம் அதன் தலைப்பில் உள்ள வரிசை எண் கூடும். நகல் தன்னிடமுள்ள எண்ணை மூலத்தின் எண்ணோடு ஒப்பிடுகிறது. மூலத்தின் எண் பெரிதென்றால் புதியதை வாங்கிக்கொள்கிறது. ஒரே ஓர் எண்ணில் காரியம் முடிந்துவிடுகிறது.

பல இடங்களில் எழுதலாம் என்று ஆனதும் அந்த ஓர் எண் போதாமல் போகிறது.

கடிகாரம் ஏன் போதாது

யாருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு மாற்றத்துடனும் நேரத்தைக் குறித்துவைத்து, பிந்திய நேரம் உடையதையே சரியென்று எடுத்துக்கொள்வது. இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பினாங்கின் கடிகாரங்களே சாட்சி சொல்லும்.

1933 முதல் இங்கே நேரம் கிரீன்விச்சுக்கு 7 மணி 20 நிமிடம் முன்னால் இருந்தது. 1941 செப்டம்பரில் அது 7 மணி 30 நிமிடம் ஆனது. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் டோக்கியோ நேரமே இங்கும் செல்லும் என்று 9 மணிக்குத் தள்ளினார்கள். 1945இல் மறுபடி ஏழரை. 1982 ஜனவரி 1இல் தீபகற்ப மலேசியா, சபா சரவாக் நேரத்தோடு இணைந்து 8 மணிக்கு மாறியது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் கடிகாரங்களை நள்ளிரவு 12க்கு நகர்த்தினார்கள். அன்றிரவு 11.45 என்ற நேரமே பினாங்கில் இல்லை. 1945இலோ எதிர்மாறு: முள் பின்னால் போனதால் ஒன்றரை மணி நேரம் இருமுறை வந்தது. அந்த ஒன்றரை மணிக்குள் எழுதிய இரு குறிப்புகளில் எது முந்தியது என்பதை அவற்றின் நேரத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

கணினிகள் உள்ளூர் நேரத்தை விட்டுவிட்டு உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. அதனால் அரசாணை மாறுவது அவற்றைப் பாதிப்பதில்லை. படிகம் பாதிக்கிறது. சாதாரணக் குவார்ட்ஸ் படிகத்தில் ஓடும் கடிகாரம் நாளுக்கு ஓரிரு விநாடி விலகும். இணையத்தின் நேர சர்வர்களைக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். திருத்தும்போது முள் பின்னால் போனால் 1945இன் குழப்பம் சிறிய அளவில் திரும்ப வரும். ஆக்டிவ் டைரக்டரியின் உள்நுழைவு முறை, இரு கணினிகளின் நேரம் 5 நிமிடம் வரை வேறுபட்டிருந்தாலும் பொறுத்துக்கொள்கிறது. ஐந்து நிமிடத்தில் பெரிய நிறுவனம் ஒன்றில் எத்தனையோ மாற்றங்கள் நடந்துவிடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் லெஸ்லி லாம்போர்ட். 1978இல் வெளியான அவருடைய கட்டுரை கேள்வியையே மாற்றிப் போட்டது. ‘எப்போது நடந்தது’ என்பதை விடுங்கள். ‘இது நடந்தபோது அது தெரிந்திருந்ததா’ என்று கேளுங்கள் என்றார். ஒரு செய்தியை அனுப்பியது அதைப் பெற்றதற்கு முந்தியது, இதில் ஐயமில்லை. ஒரே கணினியில் முதலில் செய்தது பின்னர் செய்ததற்கு முந்தியது, இதிலும் ஐயமில்லை. இவ்விரண்டையும் சங்கிலியாகக் கோத்தால் எட்டும் வரிசையே உண்மையான வரிசை. அந்தச் சங்கிலி எட்டாத இரு நிகழ்ச்சிகள் உடன்நிகழ்ச்சிகள். கடலில் கடந்துபோன அந்த இரு கடிதங்கள் அந்த வகையைச் சேர்ந்தவை.

எண்ணும் விலாசமும்

லாம்போர்ட்டின் எண்ணத்தை நகல் ஏடுகளுக்குப் பொருத்தியவர்கள் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஸ்டாட் பார்க்கரும் சகாக்களும். 1983இல் அவர்கள் முன்வைத்த முறையில், ஒவ்வொரு நகலும் ‘யாரிடமிருந்து எத்தனையாவது மாற்றம் வரை என்னிடம் வந்துள்ளது’ என்று ஒரு சிறு பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளும். ஆக்டிவ் டைரக்டரி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அது நடக்கும் விதத்தை ஒரு கற்பனை நிறுவனத்தில் பார்ப்போம். பினாங்கு, சென்னை, கோலாலம்பூர் என மூன்று இடங்களில் அதற்குச் சர்வர்கள்.

ஒவ்வொரு சர்வரும் தனக்கென ஓர் எண்ணியை வைத்திருக்கிறது. தன் ஏட்டில் எது மாறினாலும் எண்ணி கூடும், ஒருபோதும் குறையாது. பினாங்கில் ஓர் ஊழியரின் தொலைபேசி எண்ணைத் திருத்துகிறார்கள். பினாங்கின் எண்ணி 4,711 ஆகிறது. சிறிது நேரத்தில் சென்னை இந்த மாற்றத்தை வாங்கிக்கொள்கிறது. சென்னைக்கும் இது தன் ஏட்டில் நடந்த மாற்றம்தான். அங்கே அதன் எண் 92,031. கோலாலம்பூர் அதைச் சென்னையிடமிருந்து பெறுகிறது, அங்கே 18,406. ஒரே மாற்றத்துக்கு மூன்று எண்கள். 4,711 என்று மட்டும் சொன்னால் பொருளில்லை. ‘பினாங்கின் 4,711’ என்றால்தான் பொருள். அதனால் மாற்றம் எங்கே போனாலும் ‘பிறந்தது பினாங்கில், அங்கே என் எண் 4,711’ என்ற குறிப்பு அதனுடன் ஒட்டிக்கொண்டே போகிறது.

ஒவ்வொரு சர்வரும் இரண்டு நினைவுகளை வைத்திருக்கிறது. முதலாவது, பக்கத்து சர்வரின் எண்ணியில் எது வரை வாங்கினேன் என்பது. அடுத்த முறை அந்த இடத்திலிருந்து கேட்டால் போதும். இரண்டாவது பார்க்கரின் பட்டியலைப் போன்றது: எந்த வழியாக வந்தாலும் சரி, பினாங்கில் பிறந்தவற்றில் 4,711 வரை, சென்னையில் பிறந்தவற்றில் 92,031 வரை என்னிடம் உள்ளன என்பது. கோலாலம்பூர் அடுத்துப் பினாங்கிடம் போகும்போது இந்தப் பட்டியலையும் காட்டுகிறது. தொலைபேசித் திருத்தம் சென்னை வழியாக ஏற்கெனவே வந்துவிட்டது என்று பினாங்குக்குத் தெரிந்துவிடுகிறது, மறுபடி அனுப்புவதில்லை. மூன்று ஊர்களுக்கிடையே ஒரே மாற்றம் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்காமல் இருப்பது இந்தப் பட்டியலால்தான்.

இருவர் ஒரே இடத்தில் கைவைத்தால்

பினாங்கும் சென்னையும் ஒன்றையொன்று அறியாமல் அதே ஊழியரின் அதே தொலைபேசி எண்ணை இரு விதமாகத் திருத்தினால் என்ன ஆகும்? யாராவது ஒருவர் தோற்க வேண்டும். ஆக்டிவ் டைரக்டரி முதலில் பார்ப்பது, அந்த விவரம் எத்தனை முறை திருத்தப்பட்டது என்பதை. கூடுதல் முறை திருத்திய பக்கம் வெல்லும். இரண்டும் சமமென்றால்தான் நேரத்தைப் பார்க்கும். நேரமும் ஒன்றே என்றால் சர்வரின் அடையாள எண் பெரியது எது என்று பார்த்து முடித்துவிடும்.

காலை பத்து மணிக்குள் பினாங்கு இருமுறை திருத்தியது, பதினொரு மணிக்குச் சென்னை ஒருமுறை திருத்தியது என்றால், வெல்வது பினாங்கு. பிந்தியவர் தோற்கிறார். இது நியாயமா என்று கேட்கலாம். இந்த விதியின் நோக்கம் நியாயம் வழங்குவதல்ல. எந்தச் சர்வர் எந்த வரிசையில் செய்தியைக் கேட்டாலும் எல்லோரும் கடைசியில் ஒரே விடைக்கு வந்து சேர வேண்டும். அதற்கு, சண்டை வந்தால் யாரையும் கேட்காமல் ஒவ்வொரு சர்வரும் தானே தீர்த்துக்கொள்ளும் விதி வேண்டும்.

தொலைபேசி எண்ணில் இப்படி ஒன்று தோற்றால் பெரிய இழப்பில்லை. குழுக்களின் உறுப்பினர் பட்டியலில் அது பெரிய இழப்பாக இருந்தது. முதல் பதிப்பில் குழுவின் உறுப்பினர் பட்டியல் முழுவதும் ஒரே விவரமாகக் கருதப்பட்டது. பினாங்கில் ஒருவரையும் சென்னையில் இன்னொருவரையும் ஒரே சமயத்தில் சேர்த்தால், ஒரு பட்டியல் மற்றதை விழுங்கி, புதிதாகச் சேர்ந்த ஒருவர் காணாமல் போவார். 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒவ்வொரு உறுப்பினரையும் தனித்தனி மாற்றமாக எண்ணத் தொடங்கியபின் இது நின்றது. சண்டைகளைக் குறைக்கும் வழி, மாற்றத்தின் அளவைச் சிறிதாக்குவது.

வெளியிலிருந்து பார்ப்பவர்

சர்வர்கள் தங்களுக்குள் இப்படி ஒத்துப்போய்விடுகின்றன. வெளியே நிற்கும் நிரல்களின் பாடு வேறு. வாயிற்கதவு அட்டைகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். யார் சேர்ந்தார், யார் விலகினார் என்று அது அவ்வப்போது டைரக்டரியைக் கேட்டுத் தன் பட்டியலைத் திருத்திக்கொள்ள வேண்டும். ‘போன முறைக்குப் பிறகு என்ன மாறியது?’ என்பதே அதன் ஒரே கேள்வி.

நேரத்தை வைத்துக் கேட்டால் தவறும். நிரல் பத்து மணி வரை உள்ளவற்றை வாங்கிக்கொண்டது. சென்னையில் 9.40க்கு நடந்த ஒரு மாற்றம், இணைப்பு சரியில்லாததால் பினாங்குக்கு 11 மணிக்கு வந்து சேர்கிறது. ‘பத்து மணிக்குப் பிறகு எழுதப்பட்டவை’ என்று கேட்கும் நிரலின் கண்ணில் அது படவே படாது.

எண்ணியை வைத்துக் கேட்கலாம், ஆனால் கேட்பது எப்போதும் ஒரே சர்வரிடமாக இருக்க வேண்டும். நிரல் சென்னையிடம் 92,031 வரை வாங்கியிருந்தது. சென்னை சர்வர் பழுதாகிறது. நிரல் பினாங்குக்கு மாறி, ‘92,031க்கு மேல் ஏதாவது உண்டா?’ என்று கேட்கிறது. பினாங்கின் எண்ணி இன்னும் ஐயாயிரத்தைக்கூடத் தாண்டவில்லை. ‘ஒன்றுமில்லை’ என்று பதில் வருகிறது. நிரலும் நிம்மதியாகத் தூங்கப் போகிறது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. வேலையை விட்டுப் போனவரின் அட்டை மட்டும் கதவைத் திறந்துகொண்டே இருக்கும். திசை எதிராக இருந்தால், அதாவது பினாங்கின் 4,711ஐ வைத்துச் சென்னையிடம் கேட்டால், பழையதெல்லாம் மொத்தமாக வந்து குவியும். அது சிரமம், ஆனால் ஆபத்தில்லை. அமைதியாகத் தவறுவதுதான் ஆபத்து.

இதற்கான மாற்று, சர்வர்களே வைத்திருக்கும் அந்தப் பட்டியலை நிரலுக்கும் கொடுத்துவிடுவது. ஆக்டிவ் டைரக்டரியில் டர்சிங்க் என்ற வசதி ஒவ்வொரு பதிலுடனும் ஒரு சிறு சீட்டைத் தருகிறது. நிரலுக்கு அதைப் படிக்கத் தெரியவேண்டியதில்லை. பத்திரமாக வைத்திருந்து அடுத்த முறை எந்தச் சர்வரிடமும் நீட்டினால் போதும். சீட்டுக்குள் ‘யாரிடமிருந்து எது வரை’ என்ற பட்டியல் இருப்பதால், வேறு சர்வருக்கும் அது புரியும். ஓப்பன்எல்டாப் என்ற டைரக்டரி மென்பொருள் பயன்படுத்தும், 2006இல் வகுக்கப்பட்ட ஒத்திசைவு நெறியிலும் இதே சீட்டு உண்டு. அங்கே மாற்றத்தின் அடையாளத்தில் நேரமும் சர்வர் எண்ணும் சேர்ந்திருக்கும். அதனால் அந்தச் சர்வர்களின் கடிகாரங்களை ஒத்து வைப்பது நிர்வாகியின் தலையாய வேலைகளில் ஒன்று.

அழித்ததையும் எழுதிவை

சேர்ப்பதைவிட நீக்குவது கடினம். ஒரு பெயரைப் பினாங்கில் வெறுமனே அழித்துவிட்டால், சென்னையில் அது இன்னும் இருக்கும். அடுத்த முறை ஒப்பிடும்போது ‘உன்னிடம் இந்தப் பெயர் இல்லையே, இந்தா’ என்று சென்னை திருப்பிக் கொடுத்துவிடும். போனவர் மறுநாள் உயிர்த்தெழுவார்.

இதை நடைமுறையில் பட்டு அறிந்தவர்கள் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தினர். கிளியரிங்ஹவுஸ் என்ற அவர்களுடைய பெயர்ப்பதிவு, வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் எனப் பரவிய நூற்றுக்கணக்கான இடங்களில் நகல்களாக இருந்தது. ஒரு பகுதிக்கு 300 நகல்கள் என்றால், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றுக்கும் அஞ்சல் அனுப்பித் திருத்தும் வழக்கத்தால் ஒரே இரவில் 90,000 அஞ்சல்கள் வலையில் குவிய வாய்ப்பிருந்தது. 1987இல் ஆலன் டெமர்ஸும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை இதற்கு மருந்து சொன்னது: எல்லோரும் எல்லோரிடமும் பேச வேண்டாம், ஒவ்வொருவரும் அவ்வப்போது யாராவது ஒருவரைப் பொறுக்கி ஒப்பிட்டால் போதும், செய்தி தொற்றுநோய்போலத் தானே பரவிவிடும். நீக்கிய பெயருக்குப் பதிலாக ‘இறப்புச் சான்றிதழ்’ ஒன்றை வைக்கவேண்டும் என்றும் அவர்கள் சொன்னார்கள். நகலிடம் சான்றிதழ் இருந்தால், பழைய பெயர் எங்கிருந்து வந்தாலும் ஏற்காது.

ஆக்டிவ் டைரக்டரியில் இதன் பெயர் டூம்ஸ்டோன், கல்லறைக் கல். என்றென்றும் வைத்திருந்தால் ஏடு கற்களால் நிரம்பிவிடும் என்பதால் அதற்கு ஆயுள் உண்டு. முதலில் 60 நாளாக இருந்தது; 2003 பதிப்பின் முதல் திருத்தத் தொகுப்புக்குப்பின் புதிதாக அமைப்பவற்றில் 180 நாள். ஒரு சர்வர் இந்தக் காலத்துக்கும் மேலாகத் தொடர்பின்றிக் கிடந்து திரும்பி வந்தால், நீக்கப்பட்டவர்கள் அதில் உயிரோடு இருப்பார்கள். மற்ற சர்வர்களில் கற்கள் மறைந்திருக்கும். அதனால் அத்தகைய சர்வரோடு மற்றவை பேச மறுத்துவிடும்.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. சர்வரின் பழைய நகல் பிம்பம் ஒன்றை அப்படியே மீட்டெடுத்து ஓடவிட்டால், அதன் எண்ணி பின்னால் போய்விடுகிறது. பினாங்கு 4,711ஐ எட்டியபின் 4,500க்குத் திரும்பி, அங்கிருந்து வேறு மாற்றங்களுக்கு அதே எண்களை மறுபடி கொடுக்கும். ‘பினாங்கின் 4,711 வரை எங்களிடம் உள்ளது’ என்று மற்றவை நம்பிக்கொண்டிருப்பதால் அந்தப் புது மாற்றங்கள் யாருக்கும் போய்ச் சேராது. முறையாக மீட்டெடுத்தால் சர்வர் தனக்குப் புதிய அடையாளம் ஒன்றை எடுத்துக்கொள்ளும். புதிய பெயரில் எழுதினால் பழைய எண்களோடு மோத வழியில்லை. மெய்நிகர் கணினி பின்னால் இழுக்கப்பட்டதை அதுவே உணர்ந்துகொள்ளும் வசதி 2012 பதிப்பில் சேர்ந்தது.

எனவே இத்தகைய ஏட்டிலிருந்து மாற்றங்களை வாங்கும் நிரலை எழுதுபவர், விலைக்கு வாங்குபவர் எவரும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நீ பேசும் சர்வர் மாறினால் என்ன செய்வாய்? தாமதமாக வந்து சேரும் பழைய மாற்றத்தை எப்படிப் பிடிப்பாய்? நீக்கப்பட்டதை எப்படி அறிவாய்? மூன்றுக்கும் ‘நேரத்தைப் பார்ப்பேன்’ என்று பதில் வந்தால் அந்த நிரலை நம்பாதீர்கள். ‘யாரிடமிருந்து எது வரை’ என்ற சீட்டைச் சேமித்து வைப்பேன், சீட்டு செல்லாமல் போனால் முழு ஏட்டையும் மறுபடி படித்து ஒப்பிடுவேன் என்று சொன்னால் மட்டும் நம்புங்கள்.